எஃப்.பி.ஐ. இயக்குநரின் பத்தாண்டுப் பதவிக்காலம்: விதி என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.-யின் இயக்குநரை அதிபர் நியமிக்கிறார், நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் ஒப்புதல் தர வேண்டும். ஒருவர் அதிகபட்சம் பத்து ஆண்டுதான் பதவியில் இருக்கலாம். அப்படியென்றால் பத்து ஆண்டுக்கு அவரை யாரும் அசைக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

இந்த வரம்பு வந்ததற்கு முக்கியக் காரணம் ஜே. எட்கர் ஹூவர். 1924-இல் தலைமைக்கு வந்தவர், 1972-இல் சாகும்வரை இறங்கவில்லை. அதற்குள் எட்டு அதிபர்கள் வந்துவிட்டார்கள். 70 வயதில் ஓய்வு பெற்றாக வேண்டும் என்ற விதியிலிருந்தும் அதிபர் ஜான்சன் அவருக்கு 1964-இல் விலக்கு கொடுத்தார். அரசியல் தலைவர்களின் அந்தரங்கம் அவரிடம் கோப்புகளாகக் கிடந்தது. மார்ட்டின் லூதர் கிங் தங்கிய ஹோட்டல் அறைகளில் ஒட்டுக்கேட்டு, அந்த ஒலிநாடாவை ஒரு மிரட்டல் மொட்டைக் கடிதத்தோடு அவருக்கே அனுப்பியது எஃப்.பி.ஐ. எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறாத விஷயம் இது.

அடுத்து வரும் இயக்குநருக்கு செனட் ஒப்புதல் கட்டாயம் என்று 1968-இல் சட்டம் வந்தது. பத்தாண்டு வரம்பு 1976-இல் சேர்ந்தது. ஓர் அதிபர் இரண்டு முறை ஜெயித்தாலும் எட்டு ஆண்டுதான். இயக்குநரின் காலம் அதைத் தாண்டி நீள்வதால், நியமித்தவரின் ஆளாகவே அவர் இருந்துவிட மாட்டார் என்பது கணக்கு.

சரி, நடுவில் நீக்கலாமா? நீக்கலாம். காரணம் காட்ட வேண்டும் என்றுகூடச் சட்டத்தில் இல்லை. 1993-இல் வில்லியம் செஷன்ஸை கிளிண்டன் நீக்கினார். 2017 மே 9 அன்று ஜேம்ஸ் கோமியை டிரம்ப் நீக்கினார். அப்போது கோமி லாஸ் ஏஞ்சல்ஸ் அலுவலகத்தில் ஊழியர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். தன் பதவி போன செய்தியை அங்கிருந்த டிவியில்தான் பார்த்தார். இன்னும் ஆறு ஆண்டுக்கு மேல் மீதி இருந்தது. அரசுத் துறைகளுக்குள் முறைகேடுகளை விசாரிக்கும் தலைமை ஆய்வாளரை (இன்ஸ்பெக்டர் ஜெனரல்) அதிபர் நீக்க வேண்டுமானால், 30 நாள் முன்பே நாடாளுமன்றத்துக்குக் காரணத்தை எழுதித் தர வேண்டும். இயக்குநருக்கு அந்தப் பாதுகாப்புகூட இல்லாதது பெரிய குறை என்றே சொல்வேன்.

வரம்பைத் தாண்டியவர் ஒருவரே, ராபர்ட் முல்லர். 2001 செப்டம்பர் 4 அன்று பொறுப்பேற்றார். ஒரே வாரத்தில் இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்தது. பத்து ஆண்டு முடியும்போது, அவரே தொடரட்டும் என்று ஒபாமா கேட்டார். அவருக்காக மட்டும் தனிச் சட்டம் போட்டு, புதிதாக இரண்டு ஆண்டுப் பதவிக்காலம் உருவாக்கினார்கள். செனட்டும் மறுபடி வாக்களித்தது: ஆதரவு 100, எதிர்ப்பு பூஜ்யம். 2013 செப்டம்பரில் முல்லர் விடைபெற்றார், கோமி வந்தார்.