டூ பிஷ்வாட் கைவேலை: பசையை எடுக்கும் முன் பொருளைப் பாருங்கள்

ஜனவரி பிறந்தால் போதும், அமெரிக்காவில் யூத மழலையர் பள்ளிகளின் சுவரெல்லாம் காகித மரங்கள் முளைத்துவிடும். எபிரேய நாட்காட்டியின் ஷெவாத் மாதம் 15-ஆம் நாள் டூ பிஷ்வாட், அதாவது மரங்களின் புத்தாண்டு. நான் நியூஜெர்சியில் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பென்சில் பிடிக்கவும் பட்டன் போடவும் திணறும் பிஞ்சு விரல்களைப் பழக்குவது என் வேலை. இந்தப் பள்ளிகளில் யூதரல்லாத பிள்ளைகளும் படிக்கிறார்கள், நம் தமிழ்ப் பிள்ளைகள் உட்பட. “வீட்டில் எல்லோரும் சேர்ந்து இயற்கைப் பொருட்களால் ஏதாவது செய்து அனுப்புங்கள்” என்று தாள் வந்ததும் பெற்றோர் என்னிடம் கேட்பது, என்ன செய்யலாம் என்று. எதை வைத்துச் செய்யப்போகிறீர்கள் என்பதுதான் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி.

பண்டிகையைப் பற்றிச் சுருக்கமாக. மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு நான்கு புத்தாண்டுகளைச் சொல்கிறது. அதில் மரங்களுக்கானது, எந்தப் பழம் எந்த ஆண்டின் காணிக்கைக் கணக்கில் சேரும் என்று பிரிக்க வைத்த நாள். நம் ஏப்ரல் 1 நிதியாண்டு மாதிரி. 16-ஆம் நூற்றாண்டில் ஸஃபேத் நகரத்து ஞானிகளின் மரபிலிருந்து பழங்கள் வைத்துக் கொண்டாடும் விருந்து வழக்கம் பிறந்தது. 1890-இல் ஸிக்ரோன் யாக்கோவ் ஊரில் ஸேவ் யாவெட்ஸ் என்ற ஆசிரியர் மாணவர்களோடு மரம் நட்டார். மரம் நடும் விழாவாக இன்று நாம் பார்ப்பது அதன் தொடர்ச்சி.

இஸ்ரேலில் இந்த நாட்களில்தான் பாதாம் மரம் இலை துளிர்க்கும் முன்பே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும். அதனால் பாதாம் பூக்கிளைதான் முதல் கைவேலை. குச்சியிலோ தாளில் வரைந்த கிளையிலோ பாப்கார்னை ஒட்டிப் பூவாக்குவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் நான்கு வயதுக்குக் கீழே பாப்கார்ன் மூச்சுக்குழாயில் அடைக்கும் பொருள். முழுப் பாதாம், முழுத் திராட்சை போலவே. ஒட்டச் சொன்னால் இரண்டு ஒட்டும், மூன்றாவது வாய்க்குப் போகும். அதற்குப் பதில் இளஞ்சிவப்பு டிஷ்யூ பேப்பரைக் கொடுங்கள். வெட்டித் தராதீர்கள், குழந்தையே சிறு துண்டுகளாகக் கிழிக்கட்டும். ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பிடித்து உருட்டிப் பசையில் அமுக்க வேண்டும். பின்னாளில் பென்சில் பிடிக்கப்போவதும் இதே மூன்று விரல்கள்தான். உள்ளங்கையில் வைத்துக் கசக்கும் குழந்தைக்கு இன்னும் சின்னத் துண்டு கொடுத்தால் விரல் தானாக நுனிக்கு வரும். பூ கோணலாக இருந்தால் இருக்கட்டும். அம்மா கைபட்ட பூ எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும்!

அடுத்தது கொட்டை அலர்ஜி. பைன் கூம்பில் வேர்க்கடலை வெண்ணெய் தடவி, தானியத்தில் புரட்டி, பறவைகளுக்காக மரத்தில் தொங்கவிடுவது இங்கே வழக்கமான வேலை. பண்டிகையோடும் பொருந்துகிறது, டூ பிஷ்வாட்டை ஒட்டி வரும் ‘ஷப்பாத் ஷிரா’ என்னும் ஓய்வுநாளில் பறவைகளுக்கு இரை வைக்கும் பழக்கம் பல யூதக் குடும்பங்களில் உண்டு. ஆனால் இங்கே பல பள்ளிகள் கொட்டை வகைகளை உள்ளேயே விடுவதில்லை. வீட்டில் செய்தாலும் பிசுக்கு சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகும். சூரியகாந்தி விதை வெண்ணெயோ தாவரக் கொழுப்பான ஷார்ட்டனிங்கோ தடவினால் பறவைக்கு ஒரு குறையும் இல்லை.

இனி கொல்லைப்புறம். நான் மிகவும் கவலைப்படுவது இங்கேதான். நியூஜெர்சி ஜனவரியில் பச்சையாகத் தெரிபவை பெரும்பாலும் ஊசியிலைச் செடிகள். பல வீட்டு வாசல்களில் வேலியாக வெட்டி விட்டிருப்பது யூ என்ற செடி. தட்டையான கரும்பச்சை ஊசிகள், சிவப்பாக ஒரு பழச்சதை. அந்தச் சிவப்புச் சதை தவிர ஊசி, விதை, பட்டை எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. காய்ந்தாலும் வீரியம் போகாது. மாலை கட்ட அதை ஒடிக்காதீர்கள். குழந்தை மென்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே 1-800-222-1222 என்ற விஷமுறிவு உதவி எண்ணுக்கு அழையுங்கள். மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ 911.

மரப்பட்டைமேல் தாளை வைத்து கிரேயானால் தேய்த்து வரிகளை எடுப்பது எனக்குப் பிடித்த வேலை. தோளும் மணிக்கட்டும் நன்றாக உழைக்கும். ஆனால் தண்டில் கருப்பு முடி முளைத்த கயிறு போல ஒரு கொடி ஏறியிருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். அது பாய்சன் ஐவி. இலை உதிர்ந்த குளிர்காலத்திலும் தண்டில் எண்ணெய் இருக்கும், தோலில் பட்டால் கொப்புளிக்கும். மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் புண்ணானதும், சேராங்கொட்டையைத் தொடாதே என்று பாட்டி விரட்டியதும் நினைவிருக்கிறதா? மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். பட்டுவிட்டால் சோப்புப் போட்டு உடனே கழுவுங்கள். பட்டையில் காய்ந்த சேறு பூசியதுபோல் சாம்பல் திட்டு இருந்தால் அது மரங்களைக் கெடுக்கும் லாந்தர்ன்ஃப்ளை பூச்சியின் முட்டைக் கூட்டமாக இருக்கலாம். அந்தக் குச்சியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். பனி உருகி வெயில் அடிக்கும் நாளில் உண்ணிகளும் கிளம்பிவிடும். திரும்பி வந்ததும் குழந்தையின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் பாருங்கள்.

கிளையை ஒடிக்காமல் விழுந்ததைப் பொறுக்குவதே முறை. போர் முற்றுகையின்போதுகூடக் கனிமரத்தை வெட்டாதே என்கிறது யூத வேதநூலான உபாகமத்தின் 20-ஆம் அதிகாரம்; மரத்தின் பண்டிகைக்கு மரத்தை ஒடித்தால் நன்றாகவா இருக்கும்? பொறுக்கிய பைன் கூம்புகளை ஃபாயில் விரித்த அலுமினியத் தட்டில் பரப்பி, ஓவனில் சுமார் 95 டிகிரி செல்சியஸில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். பிசின் உருகிக் காயும், பூச்சி போகும், மூடிய கூம்பு விரியும். பக்கத்திலேயே நில்லுங்கள், எரியக்கூடிய பொருள்.

ஒட்டுவதைவிட நடுவதே எனக்கு உகந்த வேலை. டூ பிஷ்வாட் அன்று கொத்தமல்லி போன்ற பார்ஸ்லி கீரையை விதைத்து, பெசாக் என்னும் வசந்தகால யூதப் பண்டிகையின் விருந்துத் தட்டில் அதையே வைப்பது இங்கே பல வீடுகளின் பழக்கம். விதையை இரவு ஊறவையுங்கள். முளைக்க மூன்று வாரம்கூட ஆகும்; குழந்தை தினமும் தோண்டிப் பார்க்கும், தொட்டியை உயரத்தில் வையுங்கள். பெரிய பிள்ளைகள் பேரீச்சங்கொட்டையை ஈரத்தாளில் சுற்றி முளைக்க வைக்கலாம். இஸ்ரேலின் மசாடா கோட்டை அகழாய்வில் கிடைத்த, ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழைய பேரீச்சங்கொட்டையை 2005-இல் எலைன் சோலோவே என்ற தாவர ஆய்வாளர் கெத்துரா கிபுட்ஸில் (கூட்டுப்பண்ணைக் கிராமம்) நட்டார். அது முளைத்தது. பைபிளில் மிக நீண்ட காலம் வாழ்ந்தவரின் நினைவாக மெத்தூசலா என்று பெயர் வைத்தார்கள். இந்தக் கதையைச் சொன்னபின் கொட்டையைத் தாளில் ஒட்ட எந்தப் பிள்ளையும் சம்மதிக்காது.

2027-இல் டூ பிஷ்வாட் ஜனவரி 23, சனிக்கிழமை. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கடைப்பிடிக்கும் யூத வீடுகளில் அன்று வெட்டுவதும் ஒட்டுவதும் நடுவதும் கிடையாது. அப்படிப்பட்ட நண்பர்களை அழைப்பதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். அந்த எபிரேய ஆண்டில் ஒரு மாதம் அதிகம் என்பதால் பெசாக் வர மூன்று மாதம் இருக்கும். பார்ஸ்லிக்கு அவகாசம் தாராளம்.