ஹப்பிலிருந்து கிரீஸ் ஏன் வழிகிறது?

ஜூன் மாதம் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் போனால் மாம்பழக்கூழ் ஆலைகளின் முன்னால் டிராக்டர் டிரெய்லர்கள் பெங்களூரா காயைக் குவித்துக்கொண்டு வரிசைகட்டி நிற்கும். காயை விட்டுவிட்டுச் சக்கரங்களைப் பாருங்கள். சில வண்டிகளில் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தைச் சுற்றிப் புழுதி அப்பிய கருப்பு வளையம் இருக்கும். கேட்டால், “உள்ளே கிரீஸ் நெறைய இருக்குதுங்க, அதான் வெளிய வருது” என்பார்கள். நிறைய இருப்பதுதான் பல நேரம் கோளாறே.

கிரீஸில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை எண்ணெய்தான். மீதியில் பெரும்பங்கு லித்தியம் சோப்பு போன்ற ஒரு கெட்டிப்பொருள். அதன் நுண்ணிய இழைகள் எண்ணெயைப் பஞ்சு போலப் பிடித்து வைத்துக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்துப் போட்ட வண்டி மையின் தத்துவமும் இதுதான். அங்கே எண்ணெயைப் பிடித்து வைத்தது கரி.

டிரெய்லர் ஹப்புக்குள் இரண்டு பேரிங் இருக்கும். உள்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சின்னது. இரண்டிலும் உருளைகள் ஒரு முனையில் தடித்து மறுமுனையில் சிறுத்திருக்கும். ஹென்றி டிம்கன் 1898-ல் காப்புரிமை பெற்ற வடிவம். மேலிருந்து அழுத்தும் சுமையோடு, வளைவில் வண்டி பக்கவாட்டில் தள்ளும் விசையையும் இது தாங்கும். ஒரே ஒரு இடத்தில்தான் வம்பு. உருளை தன் பாதையில் உருண்டாலும், அதன் தடித்த முனை கோன் எனப்படும் உள்வளையத்தின் விளிம்பில் தேய்ந்துகொண்டே ஓடுகிறது. எண்ணெய் குறைந்தால் முதல் கீறல் பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் விழும். பேரிங்கைக் கழற்றினால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

உலோகத்தையும் உலோகத்தையும் பிரித்து வைக்கும் எண்ணெய்ப் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரான் அளவுகூட இருக்காது. இதற்குக் கிலோக் கணக்கில் கிரீஸ் வேண்டாம். பேரிங்கின் இடுக்குகள் நிறைந்திருக்க வேண்டும். இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஹப்பிலுள்ள குழிவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். மீதி காற்றுக்கு. முழுக்கத் திணித்தால் என்ன ஆகும்? காலை 30 டிகிரியில் கிளம்பும் ஹப் ஓடி ஓடி 90 டிகிரிக்குப் போனால் கிரீஸின் பருமன் ஏறத்தாழ நான்கு சதவீதம் கூடும். உள்ளே காற்று இருந்தால் அது அமுங்கி இடம் கொடுக்கும். இல்லாவிட்டால் கிரீஸ் வெளியேற ஒரே வழி, பின்பக்கத்தில் கிரீஸை அடைத்து வைக்கும் ஆயில் சீலின் ரப்பர் உதடு. போதாக்குறைக்கு, உருளைகள் அந்தக் குவியலைக் கடைந்துகொண்டே சுற்றுவதால் சூடு இன்னும் ஏறும்.

டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால் இப்படி வழிவது அசிங்கம், செலவு, அவ்வளவுதான். பிரேக் உள்ள வண்டியில் அது டிரம்மோடு உரசும் பிரேக் லைனரில் படியும்; அந்தச் சக்கரம் பிரேக் பிடிக்காது. அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் கேரவன்களில் இது பழைய தொல்லை. பல வண்டிகளில் அச்சின் நுனியிலேயே கிரீஸ் ஏற்றும் நிப்பிள் உண்டு. கழற்றாமலே கிரீஸ் கன்னால் அடித்துவிடலாம் என்ற வசதியில் வேகமாக அடிப்பார்கள். சீல் தேய்ந்திருந்தால் கிரீஸ் நேரே பிரேக்குக்குப் போய்விடும். 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முதலில் வருகிறதோ அப்போது கவனியுங்கள் என்பது அங்கே வழக்கமான அறிவுரை. இங்கே சீசனுக்கு மட்டும் ஓடி மீதி மாதங்கள் களத்தில் நிற்கும் டிரெய்லர்களுக்குக் கிலோமீட்டரை விட மாதக் கணக்கே பொருந்தும்.

எல்லாக் கசிவும் அளவுக்கு மீறி நிரப்பியதால் வருவதில்லை. பழைய கிரீஸ் ஒரு வகை, மேலே போட்டது இன்னொரு வகை என்றால் இரண்டின் கெட்டிப்பொருளும் ஒத்துப்போகாமல் கலவை இளகி ஓடலாம். கடையில் ஏபி-3 என்ற பொதுப் பயன்பாட்டு கிரீஸைக் கேட்டு வாங்குபவர் தொடர்ந்து அதையே போடுவது நல்லது. புது சீல் போட்ட மறுவாரமே கசிந்தால் சீலைத் திட்டாதீர்கள். அச்சில் சீல் உட்காரும் இடத்தைத் துடைத்துவிட்டு விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால், பழைய சீலின் உதடு அங்கே பள்ளம் போட்டிருக்கிறது.

வெளியே வந்த கிரீஸும் சேதி சொல்லும். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. லோடு இறக்கிய சூட்டோடு டிரெய்லரை ஏரியில் இறக்கிக் கழுவினால் இப்படி ஆகும்: ஹப் சட்டென்று குளிர, உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கருகி வாடை அடித்தால் அதிகச் சூடு. விரலில் தேய்க்கும்போது மினுமினுத்தால் அது பேரிங்கின் உலோகம். அந்த வண்டியை அடுத்த லோடுக்கு அனுப்பக்கூடாது. நீண்ட நாள் நின்ற வண்டியில் லேசான எண்ணெய்க் கசிவு மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் லாரிகளுக்குத் தொப்பூர் கணவாய் தனிச் சோதனை. இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்தே வந்தால் டிரம்மின் சூடு ஹப்புக்குள் இறங்கும். கிரீஸ் இளகும், சீலின் ரப்பர் விறைக்கும். சின்ன கியரில் இறங்குவது பிரேக்கோடு பேரிங்கையும் காப்பாற்றும்.

கிரீஸ் மாற்றும்போது பழையதைச் சுத்தமாகக் கழுவி உலர்த்திவிட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். உருளைகளுக்கு நடுவே மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை சுற்றுமுற்றும் இப்படியே. மேலே பூசிவிட்டு மாட்டினால் உள்ளே காய்ந்துதான் இருக்கும். சீலை ஸ்பிரிங் தெரியும் பக்கம் கிரீஸைப் பார்த்தபடி வைத்து, கோணாமல் தட்டி உட்காரவைக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் திருகும் அளவுக்கு மட்டும் பிடித்து, நட்டு கழலாமல் பூட்டும் கோட்டர் பின் போடுங்கள். பின் எப்போதும் புதிது. சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு பக்க ஹப்புக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கத்து நட்டு இறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.