சொல் விளக்கம்: ஊழியம்

வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வேதபாடக் குறிப்பில் 'இயேசுவின் அமைச்சகம் கலிலேயாவில் தொடங்கியது' என்று இருந்தது. ஆங்கிலப் பாடத்தை மென்பொருளில் போட்டு அப்படியே எடுத்திருக்கிறார்கள்; அரசின் அமைச்சகத்துக்கும் கடவுளுக்குச் செய்யும் வேலைக்கும் ஆங்கிலத்தில் 'மினிஸ்ட்ரி' என்று ஒரே சொல். கோட்டையில் இலாகா ஒதுக்கியது போல அது ஒலிப்பதை யாரும் கவனிக்கவில்லை. சரி, அந்த இடத்தில் எந்தச் சொல் வர வேண்டும்? சென்னையில் இதற்கு இரண்டு பதில் கிடைக்கும். வேப்பேரி, பெரம்பூர், அயனாவரம் பக்கத்து சிஎஸ்ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் யோசிக்காமல் 'ஊழியம்' என்பார்கள். சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் 'பணி' என்பார்கள், கொஞ்சம் விரிவாகச் சொன்னால் 'பணிவாழ்வு'. ஊழியம் என்ற சொல் அவர்கள் காதுக்கு 'புராட்டஸ்டன்ட் தமிழ்'.

முதலில் இன்றைய பொருள். சபை வழக்கில் ஊழியம் என்றால் கடவுளுக்காகச் செய்யும் வேலை. சிறுவர் ஊழியம், வாலிபர் ஊழியம், சிறைச்சாலை ஊழியம், மருத்துவமனை ஊழியம், மின்சார ரயிலில் துண்டுப் பிரசுரம் கொடுத்தால் கைப்பிரதி ஊழியம். 'ரயில்வே வேலையை விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துட்டார்' என்றால் அவர் போதகர் ஆகிவிட்டார் என்று அர்த்தம். சபைக்கு வெளியே வந்தால் இதே சொல் சம்பளத்தோடு ஒட்டிக்கொள்கிறது: அரசு ஊழியர், வங்கி ஊழியர். சங்கங்கள் 'ஊழியர்' என்கின்றன. ஆள் எடுக்கும் தேர்வாணையமோ தன் பெயரில் 'அரசுப் பணியாளர்' என்று வைத்துக்கொண்டிருக்கிறது. ஊழியமா பணியா என்ற போட்டி கோயிலுக்கு உள்ளேயும் உண்டு, கோட்டைக்கு உள்ளேயும் உண்டு.

இதன் பழைய பொருள்தான் பலருக்குத் தெரியாது. ஊழியம் வடசொல் இல்லை, திராவிடச் சொல். தெலுங்கில் ஊடிகம், கன்னடத்தில் ஊளிக. இரண்டுமே ஏவல் வேலை, அடிமை வேலை என்ற பொருளில் வரும். நிலவுடைமை அமைப்பையே கன்னடத்தில் 'ஊளிகமான்ய' என்பார்கள். தமிழில் தெய்வத்துக்கோ குருவுக்கோ மேலானவருக்கோ கடமையாகச் செய்யும் வேலையும் ஊழியம்தான், கூலியில்லாமல் பிடித்து வாங்கும் வேலையும் ஊழியம்தான். ஊழ் என்ற வேருக்கு விதி என்ற பொருளோடு முறை என்ற பொருளும் இருக்கிறது. மலையாளத்தில் இன்றும் 'என் ஊழம்' என்றால் என் முறை. அதனால் முறை வைத்துச் செய்ய வேண்டிய வேலை என்று இதைப் பிரித்துப் பார்ப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

திருவிதாங்கூரில் ஊழியம் என்பது சட்டம்போலவே இருந்தது. நாடார், ஈழவர் போன்ற சாதியார் சுமை தூக்க வேண்டும், அரசுக்கும் கோயிலுக்கும் தேவையானதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், கூலி கிடையாது. டச்சுக்காரர் ஆண்ட இலங்கையிலும் கட்டாய வேலைக்கு இதே பெயர்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கர்னல் மன்றோ திருவிதாங்கூரில் ரெசிடென்டாக, அதாவது பிரிட்டிஷ் பிரதிநிதியாக, இருந்த காலத்தில், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊழியத்திலிருந்து விலக்கு கிடைத்தது. ஞாயிறு ஊழியம் செய்யாமல் இருப்பதற்காகப் போராடியவர்களின் வழிவந்தவர்கள் நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் சென்னைக்கு வந்து, ஞாயிறு தவறாமல் 'ஊழியத்துக்குப் போகிறேன்' என்கிறார்கள்! சொற்களுக்கும் தலைவிதி உண்டு. இதன் உடன்பிறப்பு மாதிரியான 'வெட்டி' சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லா வேலையைக் குறித்தது. இன்று சென்னையில் சும்மா சுற்றுகிறவனுக்கு அது பட்டப்பெயர். ஒன்று மேடை ஏறியது, மற்றொன்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது.

இனி மூலத்துக்கு வருவோம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் இந்த இடத்தில் பெரும்பாலும் வரும் சொல் 'டியாகோனியா'. செய்கிறவர் 'டியாகோனோஸ்'. பந்தியில் பரிமாறுவது, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது, எடுபிடி வேலை செய்வது, இதுதான் அதன் அன்றாடப் பொருள். கானா ஊர்க் கலியாணத்தில் சாடிகளில் தண்ணீர் நிரப்பியவர்கள் டியாகோனோஸ்கள்தான்; தமிழ் வேதாகமம் அவர்களை 'வேலைக்காரர்' என்கிறது. பிறகு திருச்சபையில் அதுவே ஒரு பதவியாகி 'டீக்கன்' ஆனது.

இந்தப் பந்திச் சொல்லைத் தனக்கு வைத்துக்கொண்டது இயேசுவேதான். லூக்கா 22ஆம் அதிகாரத்தில் கடைசி இராப்போஜனம் நடக்கிறது. சீடர்களுக்குள் யார் பெரியவன் என்று வாக்குவாதம். அவர் கேட்கிறார்: பந்தியில் உட்கார்ந்திருப்பவன் பெரியவனா, பரிமாறுகிறவனா? உட்கார்ந்திருப்பவன்தானே? ஆனால் நான் உங்கள் நடுவிலே 'பணிவிடைக்காரனைப்போல் இருக்கிறேன்'. யோவான் இதே இரவைச் சொல்லும்போது பேச்சோடு நிறுத்தவில்லை. இயேசு எழுந்து, மேலங்கியைக் கழற்றி வைத்து, இடுப்பில் துண்டு கட்டி, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொருவர் காலாகக் கழுவுகிறார். பேதுரு காலைக் கொடுக்க மறுக்கிறார். வீட்டு அடிமை செய்கிற வேலையை எஜமான் செய்தால் யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது?

மாற்கு 10ஆம் அதிகாரத்தில் இதுவே போதனையாக வருகிறது. யாக்கோபும் யோவானும் மகிமையில் வலது பக்கமும் இடது பக்கமும் சீட்டுக் கேட்ட பிறகு சொன்னது. பெரியவனாக விரும்புகிறவன் 'பணிவிடைக்காரனாக' இருக்கட்டும், முதல்வனாக விரும்புகிறவன் எல்லாருக்கும் 'ஊழியக்காரனாக' இருக்கட்டும். முதலாவது டியாகோனோஸ், இரண்டாவது 'டூலோஸ்', அதாவது அடிமை. ஆக, மொழிபெயர்த்தவர்கள் ஊழியக்காரன் என்று எழுதியபோது அவர்கள் மனதில் இருந்தது பழைய, கடினமான பொருள். இன்றைய வாசகர் அந்த வசனத்தைப் படித்தால், முதல்வனாக விரும்புகிறவன் பாஸ்டர் ஆக வேண்டும் என்று புரிந்துகொள்ளக்கூட இடமிருக்கிறது. அடுத்த வசனம்தான் மையம்: மனுஷகுமாரன் (இயேசு தன்னையே குறிக்கும் பெயர்) 'ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்' உயிரைக் கொடுக்கவும் வந்தார். இங்கே மறுபடியும் டியாகோனியாவின் வினைச்சொல்தான். இரண்டு வசனம் முன்னால் பணிவிடை என்று எழுதிய கை இங்கே ஊழியம் என்று மாற்றிவிட்டது.

தமிழ் வேதாகமத்தில் டியாகோனியா என்ற இந்த ஒரு சொல் எத்தனை வேஷம் போட்டிருக்கிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். பேதுருவின் மாமிக்குக் காய்ச்சல் விட்டதும் அவள் எழுந்து செய்தது பணிவிடை. மார்த்தாள் அடுப்படியில் திண்டாடியது 'பற்பல வேலைகள்'. பசியாயிருந்த உமக்கு நாங்கள் எப்போது செய்யாமல் இருந்தோம் என்று மத்தேயு 25இல் கேட்பவர்கள் வாயில் அது உதவி. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் இன்னும் சுவாரசியம். விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாடு சரியாகப் போகவில்லை என்று புகார். அந்தச் சாப்பாட்டுப் பங்கீடு தமிழில் 'விசாரணை'. அப்போஸ்தலர் தங்களுக்கு வேண்டாம் என்று சொன்னது 'பந்திவிசாரணை'. அதற்குப் பதில் அவர்கள் வைத்துக்கொண்டது வசனத்தைப் போதிக்கிற 'ஊழியம்'. கிரேக்கத்தில் மூன்றும் ஒரே சொல் குடும்பம். சாப்பாட்டு டியாகோனியா, வசன டியாகோனியா என்று அடுத்தடுத்து நிற்கும். தமிழில் ஒன்று சமையல்கட்டுக்குப் போய்விட்டது, மற்றொன்று பிரசங்க பீடத்துக்கு.

எப்போதும் அப்படிப் பிரித்தார்கள் என்று சொன்னால் அநியாயம். லூக்கா 8இல் தங்கள் சொந்தப் பணத்தைச் செலவழித்து இயேசுவோடு ஊர் ஊராகப் போன பெண்கள் இருக்கிறார்கள்: மகதலேனா மரியாள், ஏரோதின் காரியக்காரன் மனைவி யோவன்னாள், சூசன்னாள். அவர்கள் செய்ததை ஊழியம் என்றே எழுதியிருக்கிறார்கள். வசனம் கைவசம் இருக்கிறது, வழக்கத்தில்தான் இறங்கவில்லை. பெரம்பூர்ப் பக்கம் ஒரு சபையில் ஆண்டு விழா. ஆராதனை முடிந்து அன்பின் விருந்து. பின்பக்கம் தகரக் கொட்டகையில் காலை ஐந்து மணியிலிருந்து வெங்காயம் உரித்து, பிறகு இலைக்கு இலை சாம்பார் வாளியோடு நடந்துகொண்டிருந்த ஒரு அக்காவிடம், 'சபையில நீங்க என்ன ஊழியம் செய்றீங்க?' என்று கேட்டேன். 'நான் ஊழியம்லாம் ஒண்ணும் பண்றதில்ல தம்பி, பந்திய மட்டும் பாத்துக்குவேன்' என்றார். கிரேக்கம் தெரிந்த யாரும் அந்தப் பதிலைக் கேட்டுச் சிரித்துவிடுவார்கள்.

இந்தத் தமிழ் எங்கே உருவானது என்றால், பாதிக்கு மேல் சென்னையில்தான். 1742இல் சென்னைக்கு வந்த ஜெர்மானியர் ஃபெப்ரீஷியஸ் வேப்பேரியில் இருந்துகொண்டு மொழிபெயர்த்தார். 1761இல் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய அச்சு இயந்திரம் அவர் பொறுப்புக்கு வந்தது. அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் அச்சானது. அதை அடிப்படையாக வைத்து ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்திய வேதாகமம் 1871இல் வெளிவந்தது. சீர்திருத்தச் சபைகளில் இன்றும் மனப்பாடம் செய்வது அந்தத் தமிழைத்தான். 1995இல் வந்த திருவிவிலியம் வேறு வழியில் போனது. அதில் மானிடமகன் வந்தது 'தொண்டு ஏற்பதற்கு அல்ல', தொண்டு ஆற்றுவதற்கு.

அப்படியானால் சரியான தமிழ்ச்சொல் எது? சேவையைத் தள்ளிவிடலாம், வடசொல் என்பதற்காக மட்டும் அல்ல, வாடிக்கையாளர் சேவை மையம் வரை போய் நீர்த்துவிட்ட சொல் அது. தொண்டு நல்ல கனமான சொல். நாயன்மார் வரலாற்றுக்கே திருத்தொண்டர் புராணம் என்றுதான் பெயர். இதனால் மயிலாப்பூரில் ஒரு வேடிக்கை. கபாலீசுவரர் கோயிலில் திருத்தொண்டர் என்றால் அறுபத்து மூவர். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் சாந்தோம் பேராலயத்தில் திருத்தொண்டர் என்றால் குருவாவதற்கு முந்தைய படியில் இருக்கும் டீக்கன். ஒரே வட்டாரம், ஒரே சொல், இரண்டு கூட்டம். இரண்டிலுமே தாழ்ந்து நின்று செய்வது என்ற பொருள் கெடவில்லை என்பதுதான் முக்கியம். என்ன, கட்சித் தொண்டர் என்று தினமும் கேட்டுக் கேட்டு, தொண்டு என்றாலே கொடியும் பேனரும் சிலருக்கு ஞாபகம் வரும்.

பணி எனக்குப் பிடித்தது. பணிதல், பணிவு, பணி மூன்றையும் ஒன்றோடொன்று சேர்த்தே காது கேட்கிறது. குனிந்து செய்கிற வேலை. 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று அப்பர் பாடியதிலேயே அந்த இரண்டு பொருளும் சேர்ந்து கிடக்கின்றன. கலிலேயாவில் இயேசு சுற்றித் திரிந்து போதித்தது, அறிவித்தது, நோய் நீக்கியது என்று மத்தேயு 4:23 அடுக்குகிற எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல 'இயேசுவின் பணி' போதும். இங்கே தொண்டு என்றால் சற்றுக் குறுகிவிடும். திருப்பணி என்று மட்டும் எழுத வேண்டாம். கோயில் கோபுரத்துக்குச் சாரம் கட்டிய காட்சிதான் எல்லாருக்கும் வரும். மாற்கு 10:45க்குத் தொண்டு சரி. ஆனால் லூக்கா 22இலும் கால் கழுவும் இடத்திலும் பழைய மொழிபெயர்ப்பின் பணிவிடையை அடிக்க வேறு சொல் இல்லை. ஏவினால் செய்கிற வேலை அது. நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுப்பதும் பணிவிடை என்பதால் அது இன்னும் மேடை ஏறாமல் இருக்கிறது.

ஊழியம் என்று சொல்லிப் பழகியவர்கள் மாற்ற வேண்டுமா? தேவையில்லை, தப்பான சொல்லும் இல்லை.

கடைசியாக, விகுதியில் ஒரு விஷயம். வேதாகமத்தில் ஊழியக்காரன் என்று இருந்தவர் மரியாதை கூடி ஊழியக்காரர் ஆனார், பிறகு தேவ ஊழியர் ஆனார், சுவரொட்டியில் பெரிய எழுத்தில் ஏறினார். பெண்பால் அப்படி ஏறவில்லை. ரோமர் 16:1இல் கெங்கிரேயா சபையின் பெபேயாளைப் பவுல் டியாகோனோஸ் என்கிறார், தமிழில் 'ஊழியக்காரி'. இன்று சென்னையில் எந்தச் சபையிலும் ஒரு பெண் போதகரை ஊழியக்காரி என்று கூப்பிட மாட்டார்கள், வேலைக்காரி மாதிரி ஒலிக்கும் என்பார்கள். சிஸ்டர் என்பார்கள், பாஸ்டர் மனைவியாக இருந்தால் பாஸ்டரம்மா.