பண்பாடு: வயலுக்கும் மனசுக்கும் ஒரே சொல்

சித்தப்பாவுக்குத் திருவையாற்றுப் பக்கம், கொள்ளிடப் படுகையில் வாழைக்கொல்லை. கன்று விசாரிக்கப் போன இடத்தில் அவர் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்திருக்கிறார்கள். தலைப்பில் கொட்டை எழுத்தில் 'திசுப் பண்பாட்டு வாழை'. "வாழைக்கும் பண்பாடு வந்துடுச்சாடா?" என்று என்னிடம் நீட்டினார்.

செடியின் சிறு திசுவிலிருந்து ஆய்வகத்தில் கன்று வளர்க்கும் 'டிஷ்யூ கல்ச்சர்' என்பதை யாரோ அகராதி பார்த்துப் பெயர்த்திருக்கிறார். அகராதி மேல் தப்பில்லை. கல்ச்சருக்குப் பண்பாடு என்றுதான் போட்டிருக்கும். ஆனால் கல்ச்சர் முதலில் வயல்காட்டுச் சொல். லத்தீனில் 'கோலெரே' என்றால் உழுதல், பேணுதல், குடியிருத்தல், வழிபடுதல். அதிலிருந்து 'குல்தூரா'; அக்ரிகல்ச்சரின் வால் அதுதான். அதை மனசுக்குக் கொண்டுபோனவர் ரோமானிய அறிஞர் சிசரோ. எவ்வளவு வளமான நிலமும் உழாமல் விளையாது, கல்வி இல்லாத மனமும் அப்படித்தான், மெய்யியலே மனத்தின் உழவு என்று பொ.ஆ.மு. 45இல் எழுதினார்.

தமிழில் கல்ச்சருக்கு நேராகப் 'பண்பாடு' என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தவர் இலக்கிய ரசிகர் ரசிகமணி டி.கே.சி. என்று தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை எழுதியிருக்கிறார். ஆக, இன்றைய பொருளில் இது போன நூற்றாண்டுச் சொல். உறுப்புகள் மட்டும் பழையவை. 'பண்பெனப் படுவது பாடறிந்து ஒழுகுதல்' என்கிறது கலித்தொகை. பண்பும் பாடும் ஒரே வரியில் இருக்கின்றன, ஆனால் தனித்தனியாக. அங்கே பாடு என்பது பிறருடைய இயல்பு.

எனக்குப் பிடித்தது பண்படு என்ற வினை. கெடு கேடானதுபோல, சுடு சூடானதுபோல, படு பாடாகும். பண்பட்ட நிலம், பண்பட்ட மனம் இரண்டையும் நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். இரண்டும் ஒரு பாடு பட்டவைதான்.

வயலில் நிற்கிறவர் 'பண்படுத்தினேன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. சேடை ஓட்டினேன் (சேறு கலக்குவது), அண்டை வெட்டினேன் (வரப்போரத்தைச் செதுக்குவது), பரம்படிச்சேன் (பலகையால் சமன்படுத்துவது) என்பார். எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுத்தில் வைத்த பெயர்தான் பண்படுத்துதல். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்ததும் வயலில் கட்டி ஊறவிடுவார்கள். இப்போது கேஜ் வீல் என்கிற இரும்புக்கூண்டுச் சக்கரம் போட்ட டிராக்டர் இறங்கிக் கலக்கிவிடுகிறது. சித்தப்பா வரப்பிலிருந்து ஒரு காலை உள்ளே வைப்பார். விரலிடுக்கில் சேறு வெண்ணெய்போலப் பிதுங்கினால் சரி. கட்டி தட்டுப்பட்டால், "இன்னொரு சால் ஓட்டுப்பா." இப்படிக் குழைத்த சேற்றில் தண்ணீர் சட்டென்று கீழே இறங்காது. நட்ட நாற்றுக்கு அதுதான் பிடிமானம்.

தண்ணீர் கட்டாமல் காய்ந்த மண்ணில் உழும் புழுதி உழவுக்கு வேறு கணக்கு. உழுத மண்ணை ஒரு பலம் (பழைய எடை அளவு) கால் பலமாகும்வரை காயவிட்டால் ஒரு பிடி எருகூட வேண்டாம், 'சாலப் படும்' என்கிறது 1037ஆம் குறள். நன்றாக விளையும் என்று பொருள். இங்கேயும் அதே படு!

பண்பாட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும் 'நாகரிகம்' நகரத்திலிருந்து வந்தது ('நாகரீகம்' பிழை). 'கலாசாரம்' வடமொழிக் கலையும் ஆசாரமும் சேர்ந்தது. தவறென்று சொல்லமாட்டேன், ஆனால் அதில் மண் ஒட்டவில்லை.

அதற்காகக் கல்ச்சர் வருகிற இடமெல்லாம் பண்பாட்டை ஒட்டிவிட முடியாது. ஆளும் ஊரும் சமூகமும் என்றால் பண்பாடு. உயிரைப் பேணிப் பெருக்குகிற வேலை என்றால் வளர்ப்பு: மீன் வளர்ப்பு, பட்டுப்புழு வளர்ப்பு, திசு வளர்ப்பு.

நோட்டீஸில் பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தேன். சித்தப்பா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அதெல்லாம் சரி, கன்னு என்ன விலைன்னு போடவே இல்லையே?"