ரயிலே வராமல் எரியும் கேட் விளக்கு

"சாயங்காலம் நாலு மணி ஆனால் போதும், தண்டவாளத்தில் வண்டியே இல்லை, கேட் விளக்கு தானாக எரிகிறது" என்று ஒருவர் போனில் சொன்னார். குரலில் லேசாகப் பயமும் தெரிந்தது. நான் அமெரிக்காவில் மாடல் ரயில் லேஅவுட்களுக்கு வயரிங் செய்துகொடுப்பவன். இங்கே இந்தப் பொழுதுபோக்குக்காக கார் ஷெட்டையே ஒதுக்கிவிட்டுக் காரைத் தெருவில் நிறுத்துகிறவர்கள் உண்டு. இவரும் அப்படித்தான். போய்ப் பார்த்தால் ஷெட்டில் மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல். ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே சென்சார் அண்ணாந்து படுத்திருந்தது. மேலே வரும் பெட்டியின் அடியில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியைப் பிடிப்பது அதன் வேலை. வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. நாலு மணி வெயில் நேராக விழுந்ததும், வண்டி வந்துவிட்டது என்று அது முடிவுகட்டிவிட்டது.

விளக்குக் கம்பத்தை அவர் வாரக்கணக்கில் தேடி, நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தார். சென்சாரைக் கடைசியில், கைக்குக் கிடைத்ததை வாங்கிப் புதைத்திருந்தார். என்னிடம் வரும் கிராசிங் பழுதுகளில் அநேகம் இந்த ரகம்தான். எரிவது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதற்கே எல்லாக் கவனமும் போய்விடுகிறது.

நம் ஊரில் பல இடங்களில் கேட் கீப்பர் கேட்டை மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்கு சிக்னல் கிடைக்கும். ரயில் கேட்டுக்காகக் காத்திருக்கும். விளக்கு வைத்த அமெரிக்கக் கிராசிங்கில் ஆள் கிடையாது. வருகிற ரயிலே தன் வரவைச் சொல்ல வேண்டும். இதற்கு அடிப்படையான டிராக் சர்க்யூட்டுக்கு வில்லியம் ராபின்சன் 1872-இல் காப்புரிமை பெற்றார். இரண்டு தண்டவாளங்களிலும் சிறு மின்சாரம் ஓடும். சக்கரமும் அச்சும் அவற்றை இணைத்ததும் ரிலே என்ற மின் சுவிட்ச் விழுந்து விளக்கை எரியவிடும். மாடலில் அதை அப்படியே செய்ய முடியாது. தண்டவாளத்தில் ஓடுவதே இன்ஜினுக்கான மின்சாரம் என்பதால், ஷார்ட் ஆகாதபடி ஒரு பக்கச் சக்கரத்துக்கும் அச்சுக்கும் மின்தொடர்பு இல்லாமல்தான் செய்திருப்பார்கள்.

ஆகவே வேறு வழிகள். அண்ணாந்து பார்க்கும் சென்சார் மலிவு, ஆனால் வெயில் பட்டால் ஏமாறும். கறுப்பு மை பூசிய நிலக்கரி வேகன் ஒளியைத் திருப்பாததால் அதையும் கோட்டைவிடும். நிழல் விழுவதை உணரும் எல்டிஆர் என்ற ஒளி சென்சார், அறை விளக்கை அணைத்துவிட்டு 'இரவு ரயில்' ஓட்டுகிறவர்களுக்கு உதவாது. நீங்கள் டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி இன்ஜின்களை ஓட்டும் முறை) வைத்திருந்தால், ஒரு பகுதித் தண்டவாளத்தைத் தனியாக வெட்டி, அதில் மின்சாரம் செல்கிறதா என்று பார்க்கும் சென்சார் நன்றாக வேலை செய்யும். ஆனால் விளக்கில்லாத பெட்டி மின்சாரம் எடுக்காது. இன்ஜின் தாண்டியதும் பாதி ரயில் சாலையில் நிற்கும்போதே கேட் தூக்கிக்கொள்ளும். கடைசிப் பெட்டிக்காவது 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒட்டிய சக்கரம் போட வேண்டும்.

நான் அதிகம் போடுவது தண்டவாளத்துக்குக் குறுக்கே பாயும் அகச்சிவப்புக் கற்றை. நேர்குறுக்காக வைத்தால் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஒளி புகுந்து விளக்கு அணைந்து அணைந்து எரியும். சாய்வாக வைத்தால் ஏதாவது ஒரு பெட்டி மறைத்துக்கொண்டே இருக்கும். அதோடு இரண்டு மூன்று நொடி தாமதித்து அணையும்படி, விளக்கையும் கேட்டையும் இயக்கும் கட்டுப்பாட்டு போர்டில் அமைத்துவிடுவேன்.

அடுத்த கேள்வி, சென்சாரை எவ்வளவு தள்ளி வைப்பது? அமெரிக்க விதிப்படி ரயில் வருவதற்குக் குறைந்தது 20 நொடி முன்பே விளக்கு மிளிர வேண்டும். மணிக்கு 48 கிலோமீட்டரில் வரும் ரயில் 20 நொடியில் ஏறக்குறைய 267 மீட்டர் கடக்கும். நிஜத்தில் 87-இல் ஒரு பங்கான ஹெச்ஓ மாடல் அளவுக்கு அதை 87-ஆல் வகுத்தால் 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. எட்டடிக்கு நாலடிப் பலகையில் அதற்கு எங்கே போவது? நான் ஒரு மீட்டர் தள்ளி வைத்துவிடுவேன். அதே வேகத்தில் ஆறேழு நொடி கிடைக்கும். முதல் மூன்று நொடி விளக்கு மட்டும், அப்புறம் கேட் இறங்க மூன்று நொடி. கண்ணுக்கு உறுத்தாது. இரண்டு திசையிலும் ரயில் ஓட்டுவீர்கள் என்றால் அந்தப் பக்கமும் ஒன்று வேண்டும். ரயில் சாலையைத் தாண்டிவிட்டதை அறிய, சாலையை ஒட்டி இருபுறமும் இரண்டு. ஆக நாலு.

சரி, இப்போது விளக்கு. நிஜத்தில் லென்ஸ் 12 அங்குலம், ஹெச்ஓவில் 3.5 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் எல்இடி பரவாயில்லை. 5 மில்லிமீட்டர் எல்இடி வைத்தால் கம்பத்தில் இரண்டு தாம்பாளம் தொங்குவது போலிருக்கும். ஒவ்வொரு விளக்கும் நிமிடத்துக்கு 35 முதல் 65 முறை மிளிர வேண்டும். மலிவு போர்டுகள் சிலவற்றின் வேகத்தைப் பார்த்தால் கல்யாண வீட்டு சீரியல் செட்தான் நினைவுக்கு வருகிறது. வேகத்தைத் திருகிக் குறைக்க வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய கால லேஅவுட் என்றால் இந்த ஜோடி விளக்குக்குப் பதிலாக, ஊசல்போல ஆடும் 'விக்வாக்' என்ற எச்சரிக்கை சிக்னல் பொருத்தமாக இருக்கும். 1909-இல் கலிஃபோர்னியாவில் பசிபிக் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆல்பர்ட் ஹன்ட் கண்டுபிடித்தது.

கம்பத்தைப் பொருத்தும் முன் 3 வோல்ட் பட்டன் பேட்டரி, ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் கொண்டு சோதியுங்கள். இரண்டு எல்இடிக்கும் பொதுவாக இருப்பது பாசிட்டிவ் கம்பியா, நெகட்டிவ் கம்பியா என்பது அப்போது தெரிந்துவிடும். உங்கள் போர்டு எதை எதிர்பார்க்கிறதோ அதற்கு மாறாக இருந்தால் விளக்கு எரியாது. ரெசிஸ்டர் இல்லாமல் நேராக 12 வோல்ட் கொடுத்தால் ஒரே ஒரு முறை மட்டும் பிரமாதமாக எரியும். 12 வோல்ட்டுக்கு ஒரு கிலோ ஓம் போட்டால் சுமார் 10 மில்லி ஆம்பியர், போதும். விளக்குக்கான மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து இழுக்காதீர்கள். தனி அடாப்டர் வையுங்கள். கேட்டைத் தூக்க சர்வோ என்ற சிறு மோட்டார் போட்டால் அதற்கும் தனி 5 வோல்ட். இல்லாவிட்டால் சர்வோ திமிறும்போது கட்டுப்பாட்டு போர்டு ரீசெட் ஆகி, கேட் நடனமாடும்.

பலகைக்கு அடியில் ஒரு சாக்கெட் வைத்து, கம்பத்தைக் கழற்றக்கூடியதாகச் செய்துவிடுங்கள். எப்படியும் ஒருநாள் உங்கள் முழங்கை அதில் இடிக்கும்.

எல்லாம் முடிந்ததும் ரயிலை முதல் சென்சார் வரை மட்டும் கொண்டுவந்து, அங்கேயே பின்னால் எடுங்கள். பல போர்டுகள் குழம்பி, கேட்டை மூடியபடியே உட்கார்ந்துவிடும். கார் ஷெட்காரரின் போர்டும் இதில் தடுமாறத்தான் செய்தது. அரை நிமிடத்தில் தானாக விடுவித்துக்கொள்ளும் அமைப்பை இயக்கிய பிறகு சரியானது. வெயில் சங்கதிக்கு, அந்த சென்சாரைத் தோண்டியெடுத்துவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டும் குறுக்குக் கற்றை வைத்தேன். மறுநாள் நாலரைக்கு அவரே போன் செய்து, "ஒன்றும் எரியவில்லை" என்றார்.