சப்ஜங்க்டிவ்: வியங்கோள் என்று சொன்னால் போதுமா?

சப்ஜங்க்டிவ் என்பது லத்தீன் வினைமுற்று எடுக்கும் ஒரு வடிவம். நடந்ததையும் நடப்பதையும் உள்ளபடி சொல்ல ஒரு வடிவம் உண்டு. ஒருவர் விரும்புவது, ஏவுவது, அஞ்சுவது, நோக்கமாகக் கொள்வது இவற்றுக்கெல்லாம் இந்த இன்னொரு வடிவம். தமிழில் இதை வியங்கோள், அதாவது ‘வாழ்க’, ‘வருக’ போல வாழ்த்தவும் ஏவவும் வரும் வினைமுற்று, என்று சொன்னால் போதுமா என்பதுதான் கேள்வி.

லத்தீனில் ‘சுப்’ என்றால் கீழே, ‘யுங்கெரே’ என்றால் பூட்டுதல். நுகத்தடிக்கு லத்தீன் சொல்லான ‘யுகும்’ இதே வேரில் பிறந்தது. கிரேக்க இலக்கணத்தார் ‘கீழ் அடங்கியது’ என்ற பொருளில் வைத்த பெயரை உரோம இலக்கண ஆசிரியர்கள் அப்படியே பெயர்த்துக்கொண்டார்கள். முதன்மை வாக்கியத்தின் கீழ் பூட்டப்பட்ட துணைவாக்கியத்தில் வரும் வினை என்று கருத்து. பெயர் பாதிதான் சரி. பாடநூல்கள் துணைவாக்கியத்திலிருந்து தொடங்குவதால் படிப்பவர்கள் அங்கேயே திணறுகிறார்கள். லத்தீன் கவிஞர் கத்துல்லுஸ் தன் காதலி லெஸ்பியாவுக்கு எழுதிய ஐந்தாம் பாட்டிலிருந்து தொடங்கினால் இந்தத் திணறல் இல்லை. மொத்தம் 13 அடி, அடிக்கு 11 அசை. முதல் சொல்லே சப்ஜங்க்டிவ். எதன் கீழும் பூட்டப்படாமல் தனித்து நிற்கிறது.

‘வீவாமுஸ், மேயா லெஸ்பியா, அத்குவே அமேமுஸ்.’ வாழ்வோம், என் லெஸ்பியா, காதலிப்போம்.

இரண்டு வினையிலும் உயிரைக் கவனியுங்கள். ‘வாழ்கிறோம்’ என்பது வீவிமுஸ். அதன் ‘இ’ இங்கே ‘ஆ’ ஆகியிருக்கிறது. ‘காதலிக்கிறோம்’ என்பது அமாமுஸ்; அதன் ‘ஆ’ இங்கே ‘ஏ’ ஆகியிருக்கிறது. அமாரே போல் ‘ஆரே’ என முடியும் வினைகளில் ஆ போய் ஏ வரும்; மற்ற வகைகளில் ஆ வந்து சேரும் (‘கொண்டிருக்கிறோம்’ என்னும் ஹபேமுஸ், ஹபெயாமுஸ் ஆகும்). ஆகவே ஈற்றை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. அமேமுஸ் சப்ஜங்க்டிவ், ஹபேமுஸ் சாதாரண நிகழ்காலம், வீவேமுஸ் எதிர்காலம். மூன்றுக்கும் ஈறு ‘ஏமுஸ்’தான். வினை எந்த வகை என்று அகராதியில் பார்த்த பிறகே ஈற்றை நம்பலாம்.

தமிழருக்கென்றே ஒரு வழுக்கல் இருக்கிறது. நம் ‘வாழ்வோம்’ எதிர்காலமும் ஆகும், அழைப்பும் ஆகும். அதனால் தமிழிலிருந்து லத்தீனுக்கு எழுதும்போது வீவாமுஸ் வரவேண்டிய இடத்தில் வீவேமுஸ் வந்து உட்கார்ந்துவிடும். ‘வாழ்வோமாக’ என்று மாற்றிப் பாருங்கள். பொருள் கெடவில்லை என்றால் அங்கே வரவேண்டியது சப்ஜங்க்டிவ்.

அந்த ‘ஆக’ நம்மை வியங்கோளுக்குக் கொண்டுபோகிறது. வியம் என்றால் ஏவல். வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்கிறது தொல்காப்பியம். எல்லா இடத்திலும் எல்லாப் பாலிலும் வரும் என்கிறது நன்னூல். வீவாமுஸ் தன்மைப் பன்மை என்பதால் நன்னூல் கணக்கில்தான் அது வியங்கோள். தொல்காப்பியருக்கும் ஒத்துப்போகும் உதாரணம் வேண்டுமானால் இன்னொரு லத்தீன் கவிஞரான ஓவிதிடம் போகவேண்டும். காதற்கலை பற்றிய அவருடைய நூலின் தொடக்கத்தில், காதலிக்கத் தெரியாதவன் ‘ஹோக் லெகத்’, இதைப் படிக்க; படித்துத் தேர்ந்தபின் ‘அமெத்’, காதலிக்க. இரண்டும் படர்க்கை, அசல் வியங்கோள்.

இலக்கணப் பெயர் வியங்கோள் என்பதால் பாட்டை மொழிபெயர்க்கும்போதும் ‘வாழ்வோமாக’ என்று எழுதத் தேவையில்லை. அது மேடைப் பேச்சு. காதலியிடம் ‘வாழலாம் வா’ என்றுதானே சொல்வோம்.

கத்துல்லுஸின் ஐந்தாம் பாட்டில் துணைவாக்கியங்களும் வருகின்றன. ஞாயிறுகள் மறைந்து திரும்பி வர முடியும் என்னும் இடத்தில் ‘பொஸ்ஸுந்த்’: முதன்மை வாக்கியம், உலக உண்மை, சாதாரண வடிவம். பொல்லாதவன் எவனும் நம் மேல் கண் வைக்க முடியாதபடி என்னும் துணைவாக்கியத்தில் ‘பொஸ்ஸித்’: இன்னும் நடக்காதது, நடக்கக்கூடாது என்று நினைப்பது, ஆகவே சப்ஜங்க்டிவ். ஒரே வினை, எட்டு அடி இடைவெளியில் இரண்டு வடிவம். (இது விதிக்கு அடங்காத வினை, மேலே சொன்ன உயிர்மாற்றத்தை இதில் தேடாதீர்கள்.) ‘கண் வைக்க’ என்பதற்கு அங்கே உள்ள சொல் ‘இன்விதேரே’, அதற்குள் ‘விதேரே’, பார்த்தல், இருக்கிறது. ‘பொறாமைப்பட’ என்று பெயர்த்தால் அந்தப் பார்வை போய்விடும்.

‘கும்’ என்ற இணைப்புச் சொல் மூன்று முறை வருகிறது. முதல் இரண்டும் காலத்தைக் குறிப்பவை, சாதாரண வடிவம்தான். இரண்டாவதில் வரும் ‘ஃபேகெரிமுஸ்’ எழுத்தில் சப்ஜங்க்டிவ் போலவே தோன்றும். அடுத்த அடியின் ‘கொந்துர்பாபிமுஸ்’ (கலைத்துவிடுவோம்) எதிர்காலம் என்பதால் இதுவும் ‘செய்து முடித்திருக்கும்போது’ என்னும் எதிர்காலமே. மூன்றாவது ‘கும்’ காரணச் சாயல் கொண்டது, அங்கே மட்டும் ‘ஸ்கியத்’ (அறிவதால்) என்ற சப்ஜங்க்டிவ். (கொந்துர்பாரே கணக்குப் புத்தகத்துச் சொல், திவாலாவதற்கும் அதுவே. ஆயிரமும் நூறுமாக மும்முறை கேட்டு 3,300 முத்தம் சேர்த்தபின், கணக்கைக் கலைத்துவிடலாம் என்கிறான் கவிஞன்.)

துணைவாக்கியத்துச் சப்ஜங்க்டிவுக்கு நிகரான தனி வினைமுற்று தமிழில் இல்லை. ‘படி’, ‘ஆமல்’, ‘என்று’ இவை அந்த வேலையைச் செய்கின்றன. ‘வெறுக்கிறேன், காதலிக்கிறேன்’ என்று தொடங்கும் கத்துல்லுஸின் 85ஆம் பாட்டில், ‘ஏன் இப்படிச் செய்கிறேன் என்று கேட்பாய்’ என்பதற்கு லத்தீன் ‘ஃபகியாம்’ என்ற சப்ஜங்க்டிவைப் போடுகிறது. நம் ‘செய்கிறேன்’ வெறும் நிகழ்காலம், ‘என்று’தான் அதைக் கேள்விக்குள் பூட்டுகிறது. தமிழ் மனக்கணக்கில் எழுதுபவர் இங்கே ‘ஃபகியோ’ என்று எழுதிவிடுவார்.

ஆகவே கலைச்சொல்லாக எழுதும்போது, தனித்து நிற்கும் சப்ஜங்க்டிவுக்கு வியங்கோள் என்றே எழுதலாம். துணைவாக்கியத்தில் வருவதை வியங்கோள் என்றால் தவறு; அங்கே ‘சார்பு வினை’ பொருந்தும். இரண்டையும் சேர்த்துச் சுட்டவேண்டிய இடத்தில் சப்ஜங்க்டிவ் என்ற சொல்லையே வைத்துக்கொள்வது மேல்.