தொட்டியின் விளிம்பு மண்ணுக்கு மேல் தெரியவே கூடாது

போன ஆடிப்பட்டத்தில் ஒரு சுரைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நட்டு நாற்பது நாள் ஆகியும் கொடி முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை, இலையெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டார் தோட்டக்காரர். மருந்து இருக்கட்டும் அண்ணா, முதலில் ஒரு கொடியைத் தோண்டிப் பார்த்துவிடுவோம் என்று களைக்கொத்தால் சுற்றி மண்ணை எடுத்தேன். உள்ளே நாற்றோடு சேர்த்துப் புதைத்த தேங்காய் நார்த் தொட்டி, நேற்றுதான் கடையில் வாங்கியது போல அப்படியே இருந்தது. கத்தியால் பிளந்தால், வேர் உள்சுவரை ஒட்டி நூல்கண்டு மாதிரி சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறது. சுவரைத் தாண்டி வெளியே வந்தது நாலே நாலு வேர்.

“மக்கும்னு சொல்லித்தானேம்மா குடுத்தாங்க?” என்றார்.

மக்கும்தான். ஆனால் ஈரம் இருந்தால்தான் மக்கும். காய்ந்த மண்ணில் நார்த் தொட்டி ஒரு சுவர், அவ்வளவுதான். காய்கறி நாற்று வளர்த்துக் கொடுப்பது என் தொழில், நானும் மக்கும் தொட்டியில் நாற்று கொடுக்கிறேன், அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொட்டியை விற்கும்போது இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசியிருந்தால் அந்த மனிதருக்கு ஒரு பட்டம் மிஞ்சியிருக்கும்.

இந்தத் தொட்டி எதற்காக வந்தது என்று பாருங்கள். நாற்றைப் பிடுங்கும்போது நம் கண்ணுக்குத் தெரிவது தடித்த வேர். தண்ணீரை உறிஞ்சுவதோ அதில் மயிரிழை போல இருக்கும் வேர்த்தூவிகள், மண்ணை உதறியதும் முதலில் அறுபடுவதும் அவைதான். மேலே இலை வெயிலுக்குத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும், கீழே அதை எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது, அதனால்தான் காலையில் நட்ட நாற்று மத்தியானம் தலை தொங்கிப் போகிறது. தக்காளி, கத்தரி, மிளகாய் இதைத் தாங்கும், சில நாளில் புதுவேர் விட்டு நிமிர்ந்துவிடும், அதனால்தான் காலங்காலமாக மேட்டுப்பாத்தியில் இருந்து பிடுங்கி நட முடிந்தது. சுரை, பீர்க்கு, புடலை, பாகல், வெள்ளரி, பூசணி அப்படி இல்லை. வேர் அறுந்தால் மறுவேர் விடச் சுணங்கும். பப்பாளிக்கும் இதே குணம்தான். நம் பெரியவர்கள் இதையெல்லாம் குழிக்கு நாலைந்து விதை நேராக ஊன்றினார்கள், முளைத்ததில் நல்லதை விட்டு மிச்சத்தைக் கிள்ளிவிட்டார்கள். இப்போது வீரிய ரக விதை எண்ணி விற்கிற விலைக்கு யாரும் அப்படி ஊன்ற முடியாது. வேரைப் பிடித்திருக்கும் தாய்மண் உதிராமல், தொட்டியோடு வைத்துவிடுவது அதனால்தான் நல்ல வழி.

சரி, அந்தத் தோட்டத்தில் என்ன தவறு நடந்தது? தொட்டியின் விளிம்பு அரை விரற்கடை மண்ணுக்கு மேலே நின்றிருந்தது. அகல் விளக்கில் திரி எண்ணெயை இழுக்கிறதே, அதே வேலையைத்தான் அந்த விளிம்பு செய்கிறது. கீழே ஊற்றும் தண்ணீரை நார் மேலே இழுத்துக் காற்றுக்குக் கொடுத்துவிடும். சுற்றி மண் ஈரமாக இருக்கும், தொட்டிக்குள் மட்டும் காய்ந்து கிடக்கும், நாம் நேற்றுதானே தண்ணீர் விட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். நடும்போது விளிம்பைக் கிள்ளி எறிந்துவிடுங்கள், இல்லையென்றால் தொட்டி முழுக்க மூடும்படி ஆழமாக வைத்து மண் அணையுங்கள். எனக்குக் கிள்ளுவதுதான் பிடிக்கும், ஆழமாக வைத்தால் வெள்ளரி போன்றவற்றில் தண்டு அழுகிவிடுகிறது.

நடுவதற்கு முன்னால் தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி வருவது நிற்கும் வரை பிடித்திருங்கள். அப்புறம் அடிப்பாகத்தைக் கிழித்துவிட்டு, பக்கவாட்டில் இரண்டு மூன்று இடத்தில் பிளேடால் கீறிவிடுங்கள். தாய்மண் உடையக் கூடாது, சுவரில் மட்டும் வழி விட வேண்டும். இவ்வளவு நல்ல தொட்டியை ஏன் கிழிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். வேர் தானாகத் துளைக்கும் என்பது எப்போதும் ஈரம் நிற்கிற மண்ணுக்குச் சரி, நம் செம்மண் வெயிலுக்குச் சரிவராது. செம்மண்ணில் இன்னொரு தொல்லை கரையான். காய்ந்த அட்டையையும் தாளையும் தேடி வரும், அப்படியே தண்டையும் கடித்துவிடும். குழியில் ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு போட்டு நடுங்கள்.

டீ குடிக்கிற காகிதக் கப்பில் நாற்று விட்டு அப்படியே புதைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கப்பின் உள்பக்கத்தைத் தண்ணீரில் ஊற வைத்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெல்லிய பிளாஸ்டிக் தோல் உரிந்து வரும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய டீ கப்பும் இருந்தது. காகிதம் மக்கும், அந்தத் தோல் மண்ணிலேயே கிடக்கும். செய்தித்தாளை டம்ளரில் சுற்றிச் செய்கிற குவளை அதைவிட எவ்வளவோ மேல்.

எனக்கு மனசுக்குப் பிடித்தது வாழைப்பட்டைத் தொன்னை. காய்ந்த பட்டையை நனைத்து, இரண்டு கீற்றைக் குறுக்கே வைத்து மடக்கி, ஈர்க்குச்சியால் குத்தினால் போதும். சுரைக்குடும்ப நாற்றுக்கு 12 முதல் 15 நாள்தான் கணக்கு, முளைத்த விதையிலைக்கு அப்புறம் இரண்டு நிஜ இலை வந்ததும் நட்டுவிட வேண்டும். அந்தக் காலத்துக்குத் தொன்னை தாங்கும், மண்ணுக்குள் போனதும் நார்த் தொட்டியைவிட வேகமாக இளகிவிடும். தொட்டி நன்றாக இருக்கிறதே என்று நாற்றை ஒரு மாதம் வைத்திருந்தால் எந்தத் தொட்டியும் காப்பாற்றாது.

நார், தாள் எல்லாமே மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, தங்களுக்கு இழுத்துக்கொள்ளும். நட்டுப் பத்து நாளில் அடியிலை வெளுத்தால் பயப்படாமல், 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் பஞ்சகவ்யா கலந்து தெளியுங்கள். நடவு எப்போதும் சாயங்காலம். நட்ட மூன்றாம் நாள், நாற்று உயிர் பிடிக்க விடுகிற உயிர்த்தண்ணீர். வெயில் கடுமையாக இருந்தால் தெற்கும் மேற்கும் மறைக்கிற மாதிரி ஒரு வேப்பங்கொத்து குத்தி வையுங்கள்.

அந்தச் சுரைத் தோட்டத்தில் கொடிகளைப் பிடுங்காமல், ஒவ்வொன்றையும் சுற்றி மண்ணை விலக்கி, மேலே நின்ற விளிம்பை நறுக்கி, சுவரை இரண்டு பக்கம் கீறி, மண்புழு உரம் போட்டு மூடித் தண்ணீர் விட்டோம். பாதிக்கு மேல் துளிர்த்துப் பந்தல் ஏறியது. மீதிக் குழிகளில் விதையை நேராகவே ஊன்றிவிட்டார்.